மருந்து ஊற்றாமல் மீன் தொட்டி ஒட்டுண்ணிகளை ஒழிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மீனின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்றே பலரும் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்றிவிடுகிறார்கள். நாலு நாளில் புள்ளி மறைகிறது, மருந்தை நிறுத்துகிறார்கள், அடுத்த வாரம் அது இரண்டு மடங்காகத் திரும்பி வருகிறது. இதில் மருந்தைக் குறை சொல்லிப் பயனில்லை. மீனின் மேல் தெரியும் அந்தப் புள்ளி தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது, அதை மருந்தும் எட்டாது, உப்பும் எட்டாது. அது கீழே விழுந்து, பெருகி, குஞ்சுகளாகத் தண்ணீரில் நீந்தும் கொஞ்ச நேரத்தில்தான் அதை அழிக்க முடியும். இது புரிந்துவிட்டால் கீழே வரும் வரிசையும் நாள் கணக்கும் ஏன் இப்படி என்று தானாகவே விளங்கும்.

பெங்களூரில் வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. ஹீட்டர் இல்லாத தொட்டித் தண்ணீர் விடியற்காலையில் 20, 21க்கு வந்து, பகலில் மறுபடி ஏறும். சென்னை கொளத்தூர்ப் பண்ணைகளின் வெதுவெதுப்பில் வளர்ந்த மீன் இந்த ஏற்ற இறக்கத்தில் சோர்ந்துபோகும், ஒட்டுண்ணிக்கு அதுவே போதும்.

1. முதலில், இது ஒட்டுண்ணிதானா என்று பாருங்கள்

மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உரசுகிறது என்றால் உடம்பு அரிக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அரிப்புக்குக் காரணம் தண்ணீராகவும் இருக்கலாம். தண்ணீர் மாற்றிய கொஞ்ச நேரத்தில் எல்லா மீன்களும் ஒன்றாக உரச ஆரம்பித்தால் குளோரினைச் சந்தேகியுங்கள். ஒன்றிரண்டு மீன் மட்டும் சில நாட்களாக உரசினால் ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள்.

கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் அம்மோனியாவும் காரணமாக இருக்கலாம், அதற்கான டெஸ்ட் கிட் வாங்கி ஒரு முறை பார்த்துவிடுங்கள். அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தன்மையும் காரத் தன்மையும் கூடியது, காரம் கூடினால் அதே அளவு அம்மோனியாவே அதிக விஷமாகும், சூடு ஏற்றினால் இன்னும் மோசம். அம்மோனியா இருக்கும் தொட்டியில் ஹீட்டரைக் கூட்டினால் புள்ளி சாவதற்கு முன் மீன் செத்துவிடும். அதனால்தான் இந்தச் சோதனை முதல் படி.

இன்னொன்று: ஆண் கோல்டு ஃபிஷ் இனப்பெருக்கக் காலத்தில் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் வரிசையாக வெள்ளை மொட்டுகள் காட்டும். அது நோய் இல்லை. அதற்கு வைத்தியம் செய்து மீனை வாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. எந்த ஒட்டுண்ணி என்று பிரித்துப் பாருங்கள்

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பதுதான் நல்ல வழி.

ஒயிட் ஸ்பாட்டில் ரவை அளவில், ஏறக்குறைய ஒரே மாதிரியான தனித்தனிப் புள்ளிகள் துடுப்பிலும் உடம்பிலும் இருக்கும். வெல்வெட் என்றால் புள்ளி தனியாகத் தெரியாது, டார்ச் வெளிச்சத்தில் முதுகின் மேல் பொன்னிறப் பொடி மினுங்கும். ஆங்கர் வார்ம் ஒரு சின்ன நூல் துண்டாகச் செதிலுக்கு நடுவிலிருந்து தொங்கும், அடியில் சிவந்திருக்கும். மீன் பேன் தட்டையான வட்டம், அரை சென்டிமீட்டர் வரை வரும், உற்றுப் பார்த்தால் நகரும்.

புள்ளிகள் ஒரே அளவில் இல்லாமல் சிறிதும் பெரிதுமாக, மேலே எழும்பி, கண்ணின் மேலும் தெரிந்தால் அது ஒயிட் ஸ்பாட் ஆக இல்லாமல் எபிஸ்டைலிஸ் என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். வாயைச் சுற்றிப் பஞ்சு படிந்தாலோ, முதுகில் வெளிறிய பட்டை தெரிந்தாலோ அது காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. இந்த இரண்டுக்கும் சூடு ஏற்றக் கூடாது, வேகமாகப் பரவும். இங்கே பத்து நிமிடம் கூடுதலாகச் செலவு செய்யுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு புள்ளி என்று கண்டதும் ஹீட்டரைத் திருகுவதுதான்.

3. ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பாதியில் நிறுத்தினால் செய்ததெல்லாம் வீண், அதனால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். தனியாக ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் வேண்டும், ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப முடியாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டிக்கு 100 வாட்ஸ் ஹீட்டர் வாங்குங்கள். 50 வாட்ஸ் சென்னையில் போதலாம், ஜனவரி பெங்களூரில் அது 30 டிகிரியைத் தொடத் திணறும்.

ஏர் பம்பும் ஏர் ஸ்டோனும், அடி அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய், சோப்பு படாத இரண்டு பக்கெட், சமையலறை டிஜிட்டல் தராசு, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். உப்புக்கு, மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கல் உப்பே போதும். ஸ்பூன் கணக்கு வேண்டாம், கல்லின் அளவைப் பொறுத்து ஒரு ஸ்பூனில் எடை நிறைய மாறும்.

தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று கணக்குப் போடுங்கள். இரண்டடித் தொட்டி 54 லிட்டர் என்பார்கள், கிராவலும் (அடியில் பரப்பும் சரளைக் கல்) பெரிய கல்லும் மேலே விட்ட இடமும் போனால் 45 லிட்டர்தான் தேறும். உப்புக் கணக்கு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

மஞ்சள் தூள், வேப்பிலைச் சாறு, பூண்டு பற்றிக் கேட்பார்கள். என் கருத்து, தொட்டிக்குள் போடாதீர்கள். எவ்வளவு போடுகிறோம் என்று அளக்க முடியாது, தண்ணீர் கலங்கும், அழுகினால் அம்மோனியா கூடும். காய்ந்த நாட்டு வாதுமை இலை போடுவதில் தப்பில்லை, ஆனால் அது ஒயிட் ஸ்பாட்டைக் கொல்லாது.

4. சூடுக்கும் உப்புக்கும் முன், சுத்தமும் காற்றும்

அடித்தளத்தை சைஃபன் வைத்து நன்றாக உறிஞ்சி எடுங்கள். மீனிலிருந்து விழுந்த ஒயிட் ஸ்பாட் கிராவலில் ஒட்டிக் கூடு கட்டி, ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. கூட்டுக்குள் இருக்கும்போது எதுவும் அதை எட்டாது. ஆனால் அழுக்கோடு சேர்த்து வெளியே எடுத்துவிடலாமே! நீங்கள் ஒரு காசு செலவில்லாமல் செய்யும் மிகப் பெரிய வேலை இதுதான், இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். காவிரித் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், பக்கெட்டில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வையுங்கள், அவசரம் என்றால் ஆண்டி குளோரின் விடுங்கள். சம்ப்பில் நின்ற தண்ணீர்தானே என்று நேராக ஊற்றாதீர்கள், அன்று காலைதான் தண்ணீர் விட்டிருப்பார்கள். டேங்கர் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரு நாள் காற்று பட நிற்க வேண்டும், நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கலாம்.

அடுத்து ஏர் பம்ப். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் ஏழரைதான். அதுவும் கடல் மட்டத்துக் கணக்கு. பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே இன்னும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஒட்டுண்ணி செவுளிலும் உட்கார்ந்திருக்கும் மீனுக்கு இது மூச்சு முட்டும் அளவு. அதனால் ஏர் ஸ்டோனை முதல் நாளே ஓட விட்டு, மேல்மட்டம் நன்றாகக் குமிழியிடுகிறதா என்று பார்த்த பிறகுதான் ஹீட்டரைத் தொட வேண்டும்.

கரன்ட் போனால்? ஏர் பம்பை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள், அல்லது பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வைத்திருங்கள். ஹீட்டர் இரண்டு மணி நேரம் நின்றால் ஒன்றும் ஆகாது, காற்று நின்றால் ஆகும்.

5. ஒயிட் ஸ்பாட்: சூட்டு வழி

நான்கைந்து மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஒரே இரவில் ஏற்றினால் மீன் தாங்காது, பத்து நாள் இழுத்தாலும் கெடுதல், ஏனென்றால் 26, 27 டிகிரியில் ஒட்டுண்ணி முன்பைவிட வேகமாகப் பெருகும்.

இங்கேதான் நிறையப் பேர் பயந்து கைவிடுகிறார்கள். சூடு ஏறும் இரண்டாம், மூன்றாம் நாளில் புள்ளி கூடும். உடம்பில் ஏற்கெனவே இருந்ததெல்லாம் வேகமாக வளர்ந்து பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். 30ஐத் தொட்டு நிலைத்துவிட்டால் பெரும்பாலான ஒயிட் ஸ்பாட் வகைகளால் பெருக முடிவதில்லை. சூட்டைத் தாங்கும் வகைகளும் உண்டு. 30 டிகிரியில் ஒரு வாரம் ஆன பிறகும் புதுப் புள்ளி வந்துகொண்டே இருந்தால் உங்களுக்கு வாய்த்தது அதுதான், உப்பையும் சேர்க்க வேண்டும்.

30 டிகிரியில் குறைந்தது பத்து நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடித்தளத்தை சைஃபன் செய்யுங்கள், மாற்றும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். கையைத் தொட்டிக்குள் விடும் முன் ஹீட்டர் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள். சுடும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும், விரிசல் விட்ட ஹீட்டரில் ஷாக் அடிக்கும்.

ஃபைட்டர், கௌராமி, ஏஞ்சல், டிஸ்கஸ், கப்பி, மோலி எல்லாம் இந்தச் சூட்டைத் தாங்கும். கிளவுன் லோச்சும் தாங்கும். வொயிட் கிளவுட் மின்னோ, மலையோடை லோச் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். கோல்டு ஃபிஷ்ஷுக்கும் நான் சூட்டைவிட உப்பைத்தான் சொல்வேன்.

6. ஒயிட் ஸ்பாட்: உப்பு வழி

லிட்டருக்கு 2 கிராம். நம் 45 லிட்டர் தொட்டிக்கு 90 கிராம். இதை மூன்றாகப் பிரித்து 12 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 கிராம். ஒவ்வொரு முறையும் ஒரு மக் தொட்டித் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். கல்லாகவே போட்டால் அடியில் படுத்திருக்கும் மீனின் உடம்பு புண்ணாகும். கோல்டு ஃபிஷ், மோலி, கப்பிக்கு 3 கிராம் வரை போகலாம். கோரிடோரஸ், லோச், டெட்ராவுக்கு 1 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பு ஆவியாகாது. இதை மறந்துதான் தப்பு நடக்கிறது. தண்ணீர் வற்றி அளவு குறைந்தால் வெறும் தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு சேர்க்காதீர்கள். தண்ணீரை வெளியே எடுத்து மாற்றினால் மட்டும், எடுத்த அளவுக்கு உப்பு சேருங்கள்: 11 லிட்டர் எடுத்தால் 22 கிராம்.

செடி, நத்தை, இறால் இருக்கும் தொட்டியில் உப்பு போடாதீர்கள். வாலிஸ்னேரியா மாதிரிச் செடிகள் கரைந்தே போய்விடும். அப்படிப்பட்ட தொட்டி என்றால் எல்லா மீன்களையும் டப்புக்கு மாற்றி அங்கே வைத்தியம் செய்யுங்கள். மீன் இல்லாத தொட்டியில் ஒயிட் ஸ்பாட் குஞ்சு இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. கூட்டில் இருப்பதும் பொரிந்து சாக வேண்டும் என்பதால் 28 டிகிரியில் ஒரு வாரம் காலியாக வையுங்கள்.

7. சூடும் உப்பும் ஆகாத மீனுக்கு டப் மாற்றும் முறை

உடம்பு வருத்தம் உங்களுக்குத்தான், மீனுக்கு இல்லை. கிராவல் இல்லாத இரண்டு டப். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று மீனை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். காலி செய்த டப்பைத் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து முழுக்கக் காயவிடுங்கள், காய்ந்தால் ஒட்டுண்ணி சாகும். மீனிலிருந்து விழுந்தது பெருகி வெளியே வருவதற்குள் மீன் வேறு டப்பில் இருக்கும், அதுதான் இதன் சூட்சுமம். அறைச் சூடு 25க்கு மேல் இருந்தால் ஒரு வாரம் பத்து நாள் செய்யுங்கள், குளிர்காலத்தில் ஒட்டுண்ணி மெதுவாக வளரும் என்பதால் இன்னும் நீளும். இரண்டு டப்பின் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கட்டும். வலையும் இரண்டு வேண்டும்.

8. வெல்வெட்

இது ஒயிட் ஸ்பாட்டைவிட வேகமாகக் கொல்லும், ஃபைட்டருக்கும் கௌராமிக்கும் அதிகமாக வருகிறது. இந்த ஒட்டுண்ணி வெளிச்சத்திலிருந்தும் கொஞ்சம் உணவு தயாரித்துக்கொள்ளும், அதனால் தொட்டி விளக்கை அணைத்து, சுற்றிலும் கனமான பெட்ஷீட் போர்த்தி இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள், காற்றுக்கு மேலே இடைவெளி விட்டு. கூடவே மீன் தாங்கும் அளவு உப்பும் 29, 30 டிகிரி சூடும்.

ஆரம்பத்தில் பிடித்தால்தான் இது வேலை செய்யும். மீன் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மேல்மட்டத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டால் இருட்டுக்காகக் காத்திருக்க நேரமில்லை, மருந்துக்குப் போங்கள். மருந்தில்லாமல் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தைவிட மீன் பெரிது.

9. ஆங்கர் வார்ம், மீன் பேன்

இவை கோல்டு ஃபிஷ், கோய் மீன்களில்தான் அதிகம். குளத்திலிருந்து பிடித்த உயிருள்ள தீவனத்தோடும் வந்து சேரும்.

ஈரத் துணியில் மீனைப் படுக்க வைத்து, கண்ணைத் துணியால் மூடினால் துள்ளாது. கூர் முனை ட்வீசரால் ஆங்கர் வார்மைத் தோலை ஒட்டிப் பிடித்து, அது சாய்ந்திருக்கும் பக்கமாகவே ஒரே சீராக இழுங்கள். நுனியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நங்கூரத் தலை உள்ளேயே நின்று சீழ் பிடிக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் மீனை வெளியே வைக்க வேண்டாம், மிச்சம் இருந்தால் மறுநாள். மீன் பேனைச் சுலபமாக எடுக்கலாம், பிடித்ததும் நசுக்கிவிடுங்கள், தண்ணீரில் போட்டால் நீந்தி வேறு மீனில் ஏறும்.

எடுத்ததோடு வேலை முடியவில்லை. கண்ணுக்குத் தெரிந்தவை வளர்ந்தவை மட்டும், ஆங்கர் வார்மின் குஞ்சுகள் தண்ணீரிலும் செவுளிலும் இருக்கும், மூன்று வாரத்தில் அவையும் வளர்ந்து தெரியவரும். அதனால் மீனை டப்பில் வைத்து வாரம் இரண்டு முறை ஒரு மாதம் வரை பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். மீன் பேன் கண்ணாடியிலும் கல்லிலும் வரிசையாக முட்டை ஒட்டும், அவை பொரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். பழைய ஏடிஎம் கார்டால் கண்ணாடியைச் சுரண்டுங்கள், கல்லை எடுத்து வெயிலில் காயவையுங்கள். புண் ஆறும்வரை லிட்டருக்கு 2 கிராம் உப்பு போதும்.

10. தோல் புழுவுக்கு உப்புக் குளியல், அதற்கு மேல் மருந்து

தோலில் வழவழப்பு கூடி, புள்ளி எதுவும் இல்லாமல் கோல்டு ஃபிஷ்ஷோ கப்பியோ மோலியோ உரசினால் தோல் புழுவாக இருக்கலாம். தொட்டித் தண்ணீரையே ஒரு டப்பில் எடுத்து, லிட்டருக்கு 10 கிராம் உப்பைக் கரைத்து, ஏர் ஸ்டோன் ஓட விட்டு, மீனைப் பத்து நிமிடம் வரை வையுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், போன் வந்தால்கூடப் போகாதீர்கள். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் அந்த நொடியே வெளியே எடுங்கள். டெட்ரா, லோச், கோரிடோரஸுக்கு இது வேண்டாம்.

செவுள் புழுவின் முட்டை உப்புக்குச் சாகாது. கப்பியின் ஆசனவாயில் சிவப்பு நூல்களாக நீட்டிக்கொண்டிருக்கும் கமல்லானஸ் என்ற புழு குடலுக்குள் இருக்கிறது, தண்ணீரில் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் மருந்துதான் வழி. மீன் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை பாதித்த மீனைத் தனியாக வைத்து, அடித்தளத்தைத் தினமும் உறிஞ்சி எடுத்தால் மற்ற மீன்களுக்குப் பரவுவது குறையும்.

11. எப்போது நிறுத்துவது

ஒயிட் ஸ்பாட்டுக்கு, கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து இன்னும் ஒரு வாரம். மீனின் மேல் எதுவும் இல்லாத அந்த வாரம்தான் முக்கியம், அப்போதுதான் கிராவலில் மிச்சம் இருக்கும் கூடுகள் திறக்கின்றன, செவுளுக்குள் நமக்குத் தெரியாமல் இருப்பவையும் விழுகின்றன. மீன் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டும், நாளை எண்ணுங்கள்.

இந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள், சூட்டில் மிச்சத் தீவனம் சீக்கிரம் அழுகும்.

சூட்டைக் குறைக்கும்போது நாளுக்கு ஒரு டிகிரி, 26இல் நிறுத்தி ஹீட்டரை அங்கேயே விடுங்கள், குளிர்காலம் முழுக்க ஓடட்டும். உப்பை எடுக்கத் தனி வேலை இல்லை, வாரா வாரம் கால் பங்கு தண்ணீரை உப்பில்லாமல் மாற்றினால் தானாகக் குறையும்.

12. புது மீன் வரும்போது

சிவாஜிநகரில் வாங்கினாலும், தெரிந்தவர் வீட்டில் குஞ்சு கொடுத்தாலும், நாலு வாரம் தனி டப்பில் வையுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன ஹீட்டர் போதும். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியில் முன்கூட்டியே சில வாரம் ஓட விட்டிருந்தால் அம்மோனியா தொல்லை இருக்காது. கவரில் இருக்கும் தண்ணீரை எதிலும் ஊற்றாதீர்கள், மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள், தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுங்கள். அந்த வலையும் சைஃபன் குழாயும் பெரிய தொட்டிப் பக்கம் போகக் கூடாது. வேறு வழியில்லாமல் ஒரே வலை என்றால், பயன்படுத்திய பிறகு மாடியில் வெயிலில் மொரமொரவென்று காயவிட்டு எடுங்கள். செடி வாங்கினாலும் இதே கதைதான், இலையில் ஒட்டிக்கொண்டு வரும், மீன் இல்லாத பக்கெட்டில் ஒரு வாரம் போட்டு வைத்துவிட்டு நடுங்கள்.